ஈட்டியிலும் தேக்கிலும் மூங்கில் முதுகு ஒட்ட எந்தப் பசை? நீலகிரிக் குளிரைக் கணக்கில் எடுத்து ஓர் ஒப்பீடு

வில் செய்யும்போது ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தில் மூங்கில் பட்டையை எதை வைத்து ஒட்டுவது என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்டால் நான் சொல்லும் பதில் வேறு, குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் இருப்பவர் கேட்டால் சொல்லும் பதில் வேறு. மரமும் மூங்கிலும் அதேதான், பசை டப்பாவும் அதேதான். ஆனால் டிசம்பர் ராத்திரியில் பட்டறைக்குள்ளேயே 10 டிகிரிக்குக் கீழே இறங்குகிற, வடகிழக்கு மழையில் வாரக்கணக்கில் துணி காயாத ஊரில், எந்தப் பசை முதலில் எது கடைசியில் என்ற வரிசையே மாறிவிடுகிறது. வில் செய்வது பற்றி வரும் குறிப்புகளில் பெரும்பாலானவை மரத்தில் இருக்கும் எண்ணெயைப் பற்றித்தான் கவலைப்படுகின்றன. எண்ணெய்க்கு வழி இருக்கிறது, அது ஒரு மணி நேர வேலை. பசை முழுசாக இறுகாமல் பாதியில் நின்றுபோவதுதான் இங்கே பெரிய தொல்லை, அதனால் இந்த ஒப்பீட்டைக் குளிரையும் ஈரத்தையும் முன்னால் வைத்துத்தான் செய்கிறேன்.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம், அதாவது முதுகு, நீளவாக்கில் இழுபடும். நம்மைப் பார்க்கும் வயிறு நசுங்கும். முதுகில் நார் ஓரிடத்தில் அறுபட்டிருந்தால் அங்கிருந்துதான் பிளக்கும். அதனால் இழுவை தாங்குகிற பட்டை ஒன்றை முதுகில் ஒட்டுகிறோம். நசுங்கலைத் தாங்கும் கனமான மரம் வயிற்றுக்கு, இழுவையைத் தாங்கும் மூங்கில் முதுகுக்கு என்ற ஜோடி உலகம் முழுக்கப் பேர் போனது. தென் அமெரிக்காவின் இப்பே மரமும் மூங்கிலும் சேர்ந்த வில் இதற்கு நல்ல உதாரணம். இப்பே இங்கேயும் வெளிப்புறத் தரைப்பலகையாக இறக்குமதியாகி விற்கிறது, மீந்த துண்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். நம் கைக்கு எளிதாகக் கிடைப்பது பழைய பங்களாக்களை இடிக்கும்போது வரும் தேக்கு, ஈட்டிச் சட்டங்கள். தேக்கை வில்லுக்கு முதல் தர மரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அகலமாகச் செதுக்கி மூங்கில் முதுகு கொடுத்தால் ஏமாற்றாது. ஈட்டி அதைவிடக் கனம், அதைவிட நல்லது. பட்டா நிலத்தில் நின்றாலும் ஈட்டியை அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று தமிழ்நாடு 1994-லேயே சட்டம் போட்டது. 2017-லிருந்து நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கும் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. எனவே பழைய மரமாக, ரசீதோடு வாங்குங்கள்.

இன்னொன்று. யூகலிப்டஸை நாம் தைல மரம் என்கிறோம், அதனால் அதுவும் எண்ணெய் மரம்தானே என்று இங்கே பலர் கேட்கிறார்கள். நீலகிரித் தைலம் இலையிலிருந்து வடிப்பது. அந்த மரக்கட்டையில் பசை பிடிக்க மறுத்தால் அதற்குக் காரணம் அடர்த்தியும் முறுக்கலும், தைலம் இல்லை.

பசைக்குப் போகும் முன் ஒட்டின் மேல் விழும் சுமையைப் பார்த்துவிடலாம், தேர்வே அதில்தான் இருக்கிறது. வில் வளையும்போது மூங்கிலும் மரமும் ஒன்றின் மேல் ஒன்று நழுவப் பார்க்கும், பசை அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். நேராக ஒட்டிய வில்லில் இந்தச் சுமை நாண் ஏற்றும்போதுதான் வரும். ஆனால் நம்மில் பலர் ஒட்டும்போதே வில்லை எதிர்ப்பக்கமாக இரண்டு அங்குலம் வளைத்துக் கட்டி ஒட்டுகிறோம், வேகம் கிடைக்கும் என்பதற்காக. அந்தப் பின்வளைவை நிறுத்தி வைத்திருப்பதே பசைதான். நாணைக் கழற்றிச் சுவரில் மாட்டி வைத்தாலும் ராத்திரி பகலாக அந்தப் பசை சுமை தாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆக, எவ்வளவு பலம் என்று மட்டும் கேட்டால் போதாது, ஓயாத சுமையில் மெல்ல மெல்ல நழுவுமா என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து மரத்தின் முகம். ஈட்டி, தேக்கு, இப்பே எதுவானாலும் இழைத்துச் சில மணி நேரத்தில் உள்ளே இருக்கும் எண்ணெயும் பிசினும் மேலே ஏறி முகத்தை மூடிவிடும். இழைத்த கையோடு ஒட்டிவிட வேண்டும் என்று ஆசாரிமார் சொல்வதற்கு இதுதான் காரணம். நேற்று இழைத்து மூடி வைத்த ஈட்டியில் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள், உருண்டையாக அப்படியே நிற்கும். பக்கத்திலேயே ஸ்கிரேப்பரால் இரண்டு தடவை சுரண்டிவிட்டு இன்னொரு சொட்டு வையுங்கள், அரை நிமிடத்துக்குள் தட்டையாகப் பரந்து மரத்துக்குள் இறங்கத் தொடங்கும். பசையும் அதே மாதிரிதான் நடந்துகொள்ளும். சொட்டு உருண்டு நின்றால் ஒட்ட வேண்டாம், திரும்பச் சுரண்டுங்கள். இது செலவில்லாத சோதனை, எந்தப் பசையை எடுத்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். சொட்டு வைத்த இடம் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் பசை போடுங்கள்.

அசிட்டோன் துடைப்பு வேண்டுமா வேண்டாமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. மேலே இருக்கும் எண்ணெயை எடுக்கும் என்பது ஒரு கட்சி, உள்ளே இருப்பதையும் கரைத்து மேலே இழுத்துவரும் என்பது இன்னொரு கட்சி. நான் துடைக்கிற கட்சி, ஆனால் 60-ம் நம்பர் உப்புத்தாளில் நீளவாக்கில் தேய்த்த பிறகு, துணியை மாற்றி மாற்றி, ஒட்டுவதற்குச் சற்று முன்னால். ஈட்டியைத் துடைத்தால் பனியன் வேஸ்ட் முதலில் கத்தரிப்பூ நிறத்தில் வரும், அடுத்த துணியில் வெளுக்கும், கிட்டத்தட்ட வெள்ளையாக வரும்போது நிறுத்தலாம். அந்தச் சாயம் மூங்கில் ஓரத்தில் பட்டால் போகாது, அதனால் மூங்கிலைத் தூரமாக வையுங்கள். மலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அசிட்டோன் ஆவியாகும்போது மரத்தின் முகத்தைச் சட்டென்று குளிர வைக்கும். வெளியே மூடுபனி நிற்கும் நாளில் அந்தக் குளிர்ந்த முகத்தில் காற்றின் ஈரம் படியும், கண்ணுக்கே தெரியாது. எண்ணெயை எடுத்துவிட்டுத் தண்ணீரைப் பூசிய கதையாகிவிடும். மரத்தை முதலில் நன்றாகச் சூடாக்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே துடைத்தால் இந்தப் பிரச்சினை வராது. அசிட்டோன் பக்கத்தில் அடுப்போ ஹீட்டரோ இருக்கவே கூடாது.

இப்போது பசைகள். வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் எஸ்ஹெச் வகை, அதன் தண்ணீர் தாங்கும் உறவான மரைன் வகை, இரண்டுமே எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், விலை குறைவு, கையைக் கழுவினால் போய்விடும். எண்ணெய் இல்லாத மரத்தில் இதைவிட வசதி வேறில்லை. ஆனால் இந்த வகைப் பசையில் இருக்கும் தண்ணீர் மரத்துக்குள் இறங்கினால்தான் அது பிடிக்கும், எண்ணெய் மரம் அதை உள்ளே விடாது. இரண்டாவது, 10 டிகிரியை ஒட்டிய குளிரில் இது படலமாகாமல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் பொடியாகக் காயும், அப்படிக் காய்ந்ததில் பலம் கிடையாது. மூன்றாவதுதான் பெரிசு. இந்தக் குடும்பத்துப் பசை எல்லாமே ஓயாத சுமையில் நழுவும் குணம் கொண்டது. நேராக ஒட்டிய, லேசான வில்லுக்குச் சரி. பின்வளைவு கொடுத்த வில்லுக்கு, அதுவும் ஈட்டியில், நான் எடுக்க மாட்டேன். வெளிநாட்டு வில் செய்பவர்கள் நிறையப் பேர் இதே குடும்பத்து டைட்பாண்ட் 3 என்ற பசையைப் பாராட்டுகிறார்கள், மூங்கிலுக்கு நன்றாகவே பிடிக்கிறது, 8 டிகிரி வரை வேலை செய்யும் என்பதும் ஒரு சாதகம். வெள்ளைப் பசைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதற்குப் போங்கள். இணையத்தில் வரவழைக்க வேண்டும், விலையும் கூட.

பாலியூரித்தேன் பசை, நுரைத்து வரும் தேன் நிறப் பசை, காற்றின் ஈரத்தைக் குடித்து இறுகுவது. எண்ணெய் மரத்தில் வெள்ளைப் பசையைவிட நன்றாகப் பிடிக்கும், ஈரமான மலைக்கு ஏற்றது போலவும் தோன்றும். சிக்கல் என்னவென்றால் மூங்கிலின் உள்முகமும் மரமும் துளி இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் நுரை அதை நிரப்பும், நிரம்பிவிட்டது என்று நாம் நினைப்போம், ஆனால் நுரைக்கு வலு கிடையாது. திறந்த பாட்டில் இந்த ஈரத்தில் சீக்கிரமே உள்ளே கெட்டியாகிவிடும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு வில் செய்பவருக்குக் கட்டுப்படியாகாது.

ரிசார்சினால் பசை படகு கட்டுகிறவர்களின் பசை. வெந்நீருக்கும் அசையாது, நழுவவே நழுவாது, ஒட்டின் தரத்தில் இதற்கு மேலே சொல்ல எதுவும் இல்லை. ஆனால் 21 டிகிரிக்குக் குறைந்தால் சரியாக இறுகாது, அழுத்தமும் கடுமையாக வேண்டும், நெருக்கமாக வரிசை கட்டி கிளாம்ப் போட்டாக வேண்டும். சைக்கிள் ட்யூப் சுற்றினால் போதாது. சிறு டப்பாவில் கிடைப்பதும் அரிது.

வச்சிரம் பழைய தச்சர்களின் பசை, தோலிலிருந்து காய்ச்சுவது, தசைநாரை வில் முதுகில் ஒட்ட ஆயிரக்கணக்கான வருஷங்களாகப் பயன்பட்ட பசையும் இந்த இனம்தான். உலர்ந்த புல்வெளி நாடுகளில் அது அற்புதமாக வேலை செய்தது. இங்கே காற்றில் ஈரம் 90 சதவீதத்தைத் தொடும் மாதங்களில் அது தண்ணீரை உறிஞ்சி இளகும், தசைநாரும் உறிஞ்சும். நீலகிரியில் அப்படி ஒரு வில் வைத்துக்கொள்ள ஆசை என்றால் மழைக்காலம் முழுக்க அதைச் சூடான அலமாரியில் வைத்துக் காப்பாற்ற வேண்டும். சூப்பர் குளூவும் சன்மைக்கா ஒட்டும் மஞ்சள் பசையும் இந்தப் பேச்சிலேயே வரக் கூடாது. முன்னது வளைந்தால் நொறுங்கும், பின்னது நாள்பட நழுவும்.

ஃபைபர் கிளாஸ் துணியைச் சுற்றிக் கடையில் விற்கும் பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் ஆயிற்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈட்டியில் இருக்கும் ஃபீனால், குயினோன் வகைப் பொருட்கள் பாலியெஸ்டர் இறுகுவதற்கு வேண்டிய வினையையே தடுத்துவிடும். தகடு மேலே கல் மாதிரி காய்ந்திருக்கும், மரத்தைத் தொடும் கீழ்ப்படலம் மட்டும் பிசுபிசுவென்று நிற்கும். எத்தனை நாள் காத்தாலும் அது காயாது. கண்ணாடித் துணி போட வேண்டுமானால், ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்து போடும் எபாக்ஸி மட்டும்தான்.

அங்கேதான் நான் வந்து நிற்கிறேன். எபாக்ஸியில் தண்ணீர் இல்லை, எண்ணெய் மரத்தின் ஃபீனால்கள் அதைத் தடுப்பதில்லை, சின்ன இடைவெளியை நிரப்பினாலும் பலம் குறையாது, அழுத்தமும் லேசாகப் போதும். கெட்டியாக இறுக்கினால் பசை எல்லாம் வெளியே பிதுங்கி ஒட்டு பட்டினியாகிவிடும். ஒரு அங்குல அகலத்தில் கிழித்த சைக்கிள் ட்யூபைச் சுற்றுவதே அளவான அழுத்தம். ஆனால் எபாக்ஸி என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஐந்து நிமிடத்தில் இறுகும் இரட்டைக் குழாய் வேண்டாம். ஐந்தடி வில்லில் பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும், ஈரமும் தாங்காது. இன்ஜினியரிங் கல்லூரிப் பசங்க புராஜெக்ட்டுக்கு வாங்கும் எல்ஒய் 556 ரெசினும் ஹெச்ஒய் 951 ஹார்டனரும், எடையில் 10-க்கு 1, கோயம்புத்தூரில் எளிதாகக் கிடைக்கும். கண்ணாடித் துணிக்கு அது நல்லது. மூங்கில் ஒட்டுக்கு நீர்த்தது போலவும் கொஞ்சம் நொறுங்கும் குணத்தோடும் இருக்கிறது, அதோடு அந்த ஹார்டனர் ஈரக் குளிரில் மேலே வழவழவென்று ஒரு மெழுகுப் படலம் விடும். முதல் பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு போடுகிறவர்கள் அந்தப் படலத்தை வெந்நீரில் துடைத்து உப்புத்தாள் போடாமல் மேலே பூசினால் அந்த இடத்திலேயே உரியும்.

என் தேர்வு அரால்டைட் ஏடபிள்யூ 106 ரெசினும் ஹெச்வி 953 ஹார்டனரும். எடையில் 10-க்கு 8, அளவில் சமம் சமம் என்றும் போடலாம், ஆனால் நகை நிறுக்கும் சின்னத் தராசு இருந்தால் எடையே மேல். கலந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் நேரம் இருக்கும், அவசரமே வேண்டாம். இறுகிய பின்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வில்லுக்கு வேண்டியது அதுதான். குளிர்காலத்தில் ரெசின் டப்பா உறைந்த தேங்காய் எண்ணெய் போல நகராமல் நிற்கும், வெந்நீரில் உட்கார வைத்து இளக்கிவிட்டுக் கலக்குங்கள். இரண்டு முகத்திலும் பூசுங்கள், பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் மரம் குடித்துவிட்ட இடங்கள் மங்கலாகத் தெரியும், அங்கே மட்டும் இன்னொரு கை. கையுறை கட்டாயம். ஹார்டனரும் ஒவ்வாமை தரும், ஈட்டித் தூளும் இப்பே தூளும் தரும், ஒரு தடவை தோல் கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானமாகாது.

இதற்கும் குளிர் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 10 டிகிரியில் இந்தப் பசை ஒரு நாள் கழித்தும் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில்தான் இருக்கும். 40 டிகிரியில் நாலைந்து மணி நேரத்தில் நல்ல பலத்துக்கு வந்துவிடும். வித்தியாசம் அவ்வளவு பெரிசு. ஆகவே ஆறடி நீளத்தில் தெர்மாகோல் ஒட்டிய பிளைவுட் பெட்டி ஒன்று செய்து, கோழிக்குஞ்சுகளுக்குப் போடும் சூட்டு பல்பு ஒன்றோ இரண்டோ உள்ளே மாட்டி, தெர்மாமீட்டர் வைத்து 40-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்பு வில்லுக்கோ தெர்மாகோலுக்கோ பக்கத்தில் வரக் கூடாது, நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். இந்தப் பெட்டிக்கு ஆகும் செலவு நல்ல பசைக்கு ஆகும் செலவை ஒட்டித்தான் வரும், ஆனால் பசையை மாற்றுவதைவிட இது அதிகம் சாதிக்கும். அதே பெட்டியில்தான் ஒட்டுவதற்கு முன் மரத்தையும் மூங்கிலையும் காய வைக்க வேண்டும். காற்றின் ஈரம் 90 சதவீதமாக நின்றால் மரத்தின் ஈரம் 20 சதவீதம் வரை போகும், நமக்கு வேண்டியது 10-ஐ ஒட்டி. ஈரமாக ஒட்டிய மூங்கில் பிறகு சுருங்கும்போது பசைதான் அந்தச் சுமையையும் வாங்கும்.

எபாக்ஸிக்கு ஒரு பலவீனம் உண்டு, சூடு. இந்த வகை 60 டிகிரியை நெருங்கினால் இளகத் தொடங்கும். குன்னூரில் இருக்கும் வரை கவலையில்லை. மே மாதத்தில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, கண்ணாடி ஏற்றிய காரில் வில்லை வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் பின்வளைவு போயே போய்விடும், மூங்கில் நுனி வாயைப் பிளக்கலாம். சமவெளியில் அடிக்கடி போட்டிக்குப் போகிறவர் என்றால் ரிசார்சினால் பற்றி யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மூங்கில் இல்லாமல் லினன் துணியோ பட்டோ பச்சைத் தோலோ முதுகில் ஒட்டுவதாக இருந்தால் கணக்கு மாறும். அவை மெல்லியவை, பசையில் இருக்கும் தண்ணீர் துணி வழியாகவே வெளியே போய்விடும், ஓயாத சுமையும் அவ்வளவு கிடையாது. அங்கே மரைன் வகை வெள்ளைப் பசையே போதும், முகத்தை மட்டும் மேலே சொன்ன மாதிரி சுரண்டித் துடைத்துக்கொள்ளுங்கள், பட்டறை 15 டிகிரிக்கு மேலே இருக்கும் பகலாகப் பார்த்து ஒட்டுங்கள்.

எதை எடுத்தாலும் வில்லில் போடும் முன் அதே மரம், அதே மூங்கில், அதே நாளின் குளிரில் விரல் நீளத்துண்டுகள் சில ஒட்டிப் பாருங்கள். ஒரு வாரம் விட்டு, ஒட்டுக் கோட்டில் உளியை வைத்துத் தட்டிப் பிளந்து, மரத்தின் பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மூங்கில் நாரோ மரத்தூளோ பிய்ந்து மறுபக்கத்தில் ஒட்டியிருந்தால் பசை மரத்தைவிடப் பலமாக நின்றிருக்கிறது. மரத்தின் முகம் பளபளவென்று வெறுமையாக இருந்து, பசை முழுசும் மூங்கிலோடு கண்ணாடித் தாள் மாதிரி வந்துவிட்டால் முகத்தைத் தயார் செய்ததில் குறை. பசையே நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிற மாதிரி இருந்தால் அது இறுகவில்லை, பெட்டியின் சூட்டைப் பாருங்கள். துண்டுகளில் ஒன்றை மட்டும் பிளக்காமல் மழைக்காலம் முழுக்கப் பட்டறையின் ஈரமான மூலையில் போட்டு வைத்துப் பிறகு பிளந்தால் இன்னும் நல்லது.

பெட்டி கட்ட இடமோ வசதியோ இல்லை என்றால் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை எண்ணெய் மரத்தில் மூங்கில் ஒட்டும் வேலையே வேண்டாம். இரண்டையும் அடுப்பங்கரைப் பரணில் ஏற்றிக் காய விட்டுவிட்டு, அந்த மாதங்களில் அம்புக்கும் நாணுக்கும் கை கொடுங்கள். மார்ச் கடைசியில் பகல் வெயில் ஏறியதும் காலையில் இழைத்து, மதியத்துக்குள் ஒட்டி, கறுப்புத் துணி சுற்றி வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் அந்த ஏடபிள்யூ 106-க்குத் தேவையான சூடு ஓரளவுக்குக் கிடைத்துவிடும். ட்யூபை மட்டும் மூன்று நாள் கழித்துப் பிரியுங்கள்.